மயிலிட்டிக்குப் போனவள்

14 ஒக்டோபர் 2024

காலை 9 பாகை. தூறல். வடமேற்குக் காற்று.

ஆரபி தொலைபேசியில் அழைத்தாள். அவளுடைய நாடகங்களுக்கு விளக்குப் போடுகிற கெத்தின், வீட்டுக் கூரைப் பீலி துப்புரவாக்க ஏணியில் ஏறி விழுந்து காறையெலும்பை முறித்துக்கொண்டானாம்.

"அப்பா, பதினொரு இடம். சாமான் ஏத்தின வான் ஓடோணும், லைட் போர்டில பட்டன் அமத்தோணும். முப்பத்தொரு தரம் அமத்தினாச் சரி."

"வேற ஆரும் இல்லையோ?"

"இருந்தா உங்களிட்டக் கேப்பனோ?"

அதுவும் சரிதான். சம்மதித்தேன்.

ஆரபிக்கு நாற்பத்தொரு வயது. தனி ஆளாக மேடையில் நின்று கதை சொல்லுவது அவள் தொழில். அரைவாசி இந்த வேல்ஸ் நாட்டு வெல்ஷ் மொழியில், அரைவாசி ஆங்கிலத்தில். மருத்துவப் படிப்பை இரண்டாம் வருடம் விட்டுவிட்டு இதற்குப் போனாள். முதல் நாடகம் 2004 மார்ச் 12, கார்டிஃபில் ஒரு மதுக்கடையின் மேல்மாடியில், ஒன்பது பேருக்கு. இதுவரை ஏழு நாடகங்கள். நான் ஒன்றும் பார்த்ததில்லை. பத்திரிகையில் வருவதை வெட்டி வைப்பதுண்டு. முப்பத்தைந்து வருடம் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்தவனுக்குக் கோப்புப் போட்டுப் பழகிவிட்டது.

17 ஒக்டோபர்

லாம்பீட்டரில் ஒரு கிராம மண்டபத்தில் ஒத்திகை. மேடையில் ஒரு கதிரை, ஒரு சூட்கேஸ், ஒரு சேலை மட்டும்.

நாடகத்தின் பெயரைத் தமிழில் சொன்னால் 'மயிலிட்டிக்குப் போனவள்' என்று வரும். லோசினியைப் பற்றியது. அதாவது ஆரபியின் தாய், என் மனைவி. எனக்கு இது முன்பே தெரியும், பத்திரிகையில் வந்தது.

தொடக்கத்தில் ஆரபி மேடை நுனிக்கு வந்து, "இன்றைக்கு நான் சொல்லப்போவதெல்லாம் நடந்தது" என்கிறாள். பிறகு கதை. 1990 செப்டெம்பர். அவளுக்கு ஏழு வயது. நாங்கள் அப்போது சுவான்சீயில். அம்மம்மாவைத் தேடி அம்மா யாழ்ப்பாணம் போகிறாள். அவளுடைய ஊரான மயிலிட்டிச் சனம் முழுக்க அந்த ஜூனில் சண்டையில் இடம்பெயர்ந்துவிட்டது. அம்மா திரும்பவில்லை. தகப்பன் மகளைப் படிக்கட்டில் இருத்தி, பீரங்கிச் செல் விழுந்ததையும் தாய் இறந்ததையும் நாலு நிமிடம் சொல்கிறான். மகள் வளர்ந்து 2012இல் மயிலிட்டிக்குப் போகிறாள். இராணுவத்தின் முள்ளுக்கம்பிக்கு இந்தப் பக்கம் வரைக்கும்தான் விடுகிறார்கள். விசாரிக்க ஊரில் ஒருவருமில்லை.

மேடையில் லோசினி வெல்ஷ் கதைக்கிறாள். தகப்பன், அதாவது நான், ஆங்கிலம் கதைக்கிறேன். வெல்ஷில் எனக்குத் தெரிந்தது, 'கையை நீட்டுங்கள்', 'கொஞ்சம் குத்தும்', 'பயப்படாதீர்கள்'. ஆகவே லோசினி சொல்வது பாதி விளங்கவில்லை.

இருபத்திரண்டாவது பட்டன் முக்கியம் என்றாள் ஆரபி. செல் விழுகிற இடம். வெளிச்சம் ஆறு வினாடியில் மங்கி முழு இருட்டாக வேண்டும்.

"எப்பிடியப்பா இருந்தது?"

"நான் ஒரு நாளும் நாலு நிமிசம் தொடர்ந்து கதைச்சதில்லை."

சிரித்தாள். "அது நாடகம் அப்பா."

18 ஒக்டோபர்

இந்தச் சுற்றின் முதல் காட்சி. 43 பேர். முப்பத்தொரு பட்டனும் சரியான நேரத்துக்கு.

முடிந்த பிறகு மண்டபத்தைப் பார்த்துக்கொள்ளும் திருமதி பெவன் வந்து என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். தன் கணவரும் திடீரென்றுதான் போனாராம். தனியாக ஒரு பெண்பிள்ளையை வளர்ப்பது லேசில்லை என்றார். நன்றி என்றேன்.

19 ஒக்டோபர்

சேலைக்கு அயன் போட்டேன். ஒவ்வொரு காட்சிக்கும் முன்பு இது என் வேலை. ஊதாக் கரை போட்ட பச்சைச் சேலை. இது லோசினிக்குப் பிடிப்பதில்லை. தன்னைக் கறுப்பாகக் காட்டும் என்பாள். அதனால்தான் விட்டுவிட்டுப் போனாள்.

மாலை கார்டிகன் ஊரில் காட்சி. 61 பேர்.

25 ஒக்டோபர்

பாலா என்ற ஊருக்குப் பயணம். மலைப்பாதை, மூடுபனி, எதிரில் செம்மறிகள். ஆரபி பக்கத்தில் இருந்து ஒரு மின்னஞ்சலை இரண்டு தரம் வாசித்தாள்.

"அப்பா! ரொறொன்ரோவில கூப்பிடினம். ஸ்காபரோவில தமிழ் ஆக்கள் நடத்துற நாடக விழா. பெப்ரவரியில."

"பெப்ரவரியில அங்க சரியான குளிர்."

"உங்களுக்கு இதுதான் வாயில வருகுது, என்ன? இருபது வருசமா நான் வெல்ஷ்காரருக்குத்தான் அம்மாவைப் பற்றிச் சொல்லிக்கொண்டு திரியிறன். எங்கட ஆக்கள் ஒருத்தரும் இதைப் பாக்கேல்லை." பிறகு சொன்னாள்: "அங்க மயிலிட்டி ஆக்கள் நிறைய இருக்கினமாம். காட்சி முடிஞ்சு கலந்துரையாடலும் வைக்கினம். அம்மாவைத் தெரிஞ்ச ஆரும் வருவினம். கடைசி நேரம் அம்மாவோட ஆர் நிண்டதெண்டு கேக்கலாம்."

திரும்ப வேண்டிய சந்தியைத் தவறவிட்டேன். எட்டு மைல் சுற்று.

"அப்பா, உங்களுக்கு ஆர் சொன்னது?"

"எதை?"

"செல் விழுந்ததை."

"கன காலம். ஞாபகமில்லை."

அவள் தன் கொப்பியில் ஏதோ குறித்துக்கொண்டாள்.

26 ஒக்டோபர்

இருபத்திரண்டாவது பட்டன் மூன்று வினாடி பிந்திவிட்டது. ஆரபி சமாளித்தாள்.

2 நவம்பர்

காலை 6 பாகை. வீட்டில் ஓய்வு. தோட்டத்து இலைகளைக் கூட்டினேன். வானுக்கு எண்ணெய் மாற்றினேன்.

காலையில் தேநீரோடு இணையத்தில் மரண அறிவித்தல்கள் பார்ப்பது வழக்கம். என் வயதுக்காரர் எல்லாரும் பார்ப்பார்கள். யார் பிறந்த இடம் எது, வாழ்ந்த இடம் எது, பிள்ளைகள் எந்தெந்த நாட்டில் என்று எல்லாம் அதில் இருக்கும். ஆரபிக்குத் தமிழ் கதைக்க வரும், வாசிக்க வராது. ஆகவே அவள் அந்தப் பக்கம் போனதில்லை.

2016 ஓகஸ்டில் லோசினியின் தமையனுடைய அறிவித்தல் வந்தது. மயிலிட்டியைப் பிறப்பிடமாகவும் கனடாவை வதிவிடமாகவும் கொண்டவர். அன்னாரின் சகோதரி என்ற இடத்தில், 'லோசினி (ஸ்காபரோ)'. பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று இல்லை.

இதை நான் எங்கும் எழுதி வைத்திருக்கவில்லை. இப்போது எழுதுகிறேன்.

3 நவம்பர்

நேற்று எழுதியதைத் தொடர்கிறேன், அரைகுறையாக விடக்கூடாது.

லோசினி யாழ்ப்பாணம் போகவில்லை. அம்மம்மாவைப் பார்க்கப் போவதாகப் பிள்ளைக்குச் சொன்னது அவள்தான். போனது கனடாவுக்கு, தமையனிடம். எனக்கு மேசையில் ஒரு துண்டு எழுதி வைத்திருந்தாள். 'உங்களில் பிழை இல்லை. உங்களோடு இருந்தால் எனக்குக் குரல் இல்லாமல் போகிறது.' அவ்வளவுதான். நான் அடித்ததில்லை, ஏசியதில்லை, குடித்ததில்லை. வேலைக்குப் போனேன், வந்தேன். வீட்டில் கதைக்க என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

மூன்று கிழமையில் கடிதம் வந்தது, பிள்ளையை அனுப்பும்படி. நான் பதில் போடவில்லை. அடுத்த வருடம் அபெரிஸ்த்வித்துக்கு வேலை மாற்றம் கேட்டு வந்தேன். ஐம்பது மைல் சுற்றுவட்டத்தில் வேறு தமிழர் இல்லை. லண்டனில் ஏன் இருக்கவில்லை என்று ஆரபி எத்தனையோ தரம் கேட்டிருக்கிறாள். கடற்காற்று நல்லது என்பேன்.

அந்த வருடங்களில் யாழ்ப்பாணத்தோடு போன் இல்லை, ஒழுங்கான தபால் இல்லை. ஒருவரும் எதையும் விசாரிக்க முடியாது.

8 நவம்பர்

ஃபிஷ்கார்ட். மூன்று நாள் ஒரே மண்டபம். 70 பேர். ஒரு தமிழ் டொக்டர் மனைவியோடு வந்திருந்தார், கோப்பாய்க்காரர். இடைவேளையில் மனைவி என்னிடம், "நீங்கள் மயிலிட்டியோ?" என்றார். "நானில்லை, மனுசி" என்றேன். "மயிலிட்டியில அவ ஆரின்ர குடும்பம்?" என்றார். வானில் ஏதோ பார்க்க வேண்டும் என்று சொல்லி வெளியே போனேன். இடைவேளை முடிய அரை நிமிடம் இருக்கும்போது திரும்பி வந்தேன்.

ஸ்காபரோவில் இப்படி நூறு பேர் இருப்பார்கள். கலந்துரையாடலில் ஒருவர் எழும்பிக் கேட்டால் போதும். பிள்ளை மேடையில் தனியாக நிற்பாள்.

10 நவம்பர், ஞாயிறு

காலை பதினொரு மணி. ஃபிஷ்கார்டில் காசு போட்டு உடுப்புத் தோய்க்கிற கடை. ஆரபியின் கறுப்பு உடுப்புகள் உலர்த்தியில் சுற்றிக்கொண்டிருந்தன. எங்களைத் தவிர ஒருவரும் இல்லை. சொல்லிவிட்டேன்.

எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. "அம்மா யாழ்ப்பாணம் போகேல்லை" என்று தொடங்கினேன். கனடா, தமையன், கடிதங்கள், மரண அறிவித்தல். ஒரு ஒழுங்கில் சொன்னேன். மூன்று நிமிடம் எடுத்திருக்கும். அவள் உலர்த்தியின் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"உயிரோட இருக்கிறாவோ?"

"ஓம். ரெண்டாயிரத்துப் பதினாறில இருந்தவ. அதுக்குப் பிறகு அவவின்ர அறிவித்தல் வரேல்லை. ஒவ்வொரு நாளும் பாக்கிறன்."

"ஏன் செத்துப்போனா எண்டு சொன்னனீங்கள்?"

"நான் சொல்லேல்லை."

"அப்பா!"

"நீர்தான் கேட்டனீர். அம்மா போய் எட்டாம் நாள். பள்ளிக்கூடத்தால வந்து சப்பாத்தைக் கழட்டேக்குள்ள. 'அம்மா செத்துப்போனாவோ?' எண்டு கேட்டனீர். நான் 'ஓம்' எண்டனான். வேற ஒண்டும் சொல்லேல்லை. செல், மயிலிட்டி எல்லாம் நீர் பிறகு பிறகு கேட்டனீர். எல்லாத்துக்கும் ஓம் எண்டனான்."

அவள் என்னைப் பார்த்தாள். நாற்பத்தொரு வருடத்தில் அவள் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

"எனக்கு அப்ப ஏழு வயசு. நான் கேட்டனான் எண்டு என்னில போடாதேங்கோ."

"போடேல்லை. நடந்ததைச் சொன்னனான்."

"இல்லை எண்டு சொல்லியிருக்கலாமே. வேற இடத்தில இருக்கிறா எண்டு."

"சொன்னா நீர் போயிருப்பீர்."

உலர்த்தி நின்றது. அவள் உடுப்புகளை எடுத்து ஒவ்வொன்றாக மடித்தாள். கால்மேசுகளைக்கூடச் சோடி சேர்த்தாள். பையைத் தானே தூக்கிக்கொண்டு வெளியே போனாள்.

மாலைக் காட்சியை நிறுத்துவாள் என்று நினைத்தேன். நிறுத்தவில்லை. மேடை நுனிக்கு வந்தாள். "நான் சொல்லப்போவதெல்லாம் நடந்தது" என்ற வசனத்தை மட்டும் விட்டுவிட்டு நேராகக் கதைக்குள் போனாள். மற்றதெல்லாம் சொல்லுக்குச் சொல் அப்படியே. படிக்கட்டுக் காட்சியில் தகப்பன் நாலு நிமிடம் கதைத்தான். இருபத்திரண்டாவது பட்டனை நேரத்துக்கு அமத்தினேன். ஆறு வினாடி. இருட்டு.

58 பேர். எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

11 நவம்பர்

அவள் காலை ரயிலில் கார்டிஃப் போய்விட்டாள். மிச்சக் காட்சிகளை ரத்துச் செய்ததாக மண்டபக்காரர்களுக்கு அறிவித்திருக்கிறாள். எனக்கு, 'வானை வீட்டில் விடுங்கள், கெத்தின் வந்து எடுப்பான்' என்று செய்தி.

தனியாக ஓட்டி வந்தேன். மழை.

12 நவம்பர்

7 பாகை. மழை.

15 நவம்பர்

5 பாகை. வெயில். கெத்தின் தன் தமையனோடு வந்து வானை எடுத்தான். ஒன்றும் கேட்கவில்லை. சேலை வானில்தான் இருந்தது, ஞாபகப்படுத்தினேன்.

22 நவம்பர்

3 பாகை. முதல் உறைபனி.

1 டிசெம்பர், ஞாயிறு

காலை பத்தரைக்கு ஆரபி வந்தாள். முன்னறிவித்தல் இல்லை. மெலிந்திருக்கிறாள். தேநீர் போட்டேன், குடிக்கவில்லை.

"கடிதங்கள் இருக்கோ?"

எடுத்து வந்தேன். நாலு. சான்றிதழ்களுக்குக் கீழே, பிளாஸ்டிக் உறைக்குள்.

"வாசியுங்கோ."

"நீர் வேற ஆரிட்டையும் குடுத்து..."

"ஆரிட்டக் குடுக்கிறது? நீங்கள்தான் வாசிக்கோணும். சத்தமா."

முதல் மூன்றையும் வாசித்தேன். முதலாவதில், நத்தார் விடுமுறைக்குப் பிள்ளையை அனுப்பும்படியும், இடது காதுக்குப் பஞ்சு வைத்துத் தலைக்கு வார்க்கும்படியும் இருந்தது. இரண்டாவது, முதலாவது கிடைத்ததா என்று. மூன்றாவதில், அகதி வழக்கு முடியவில்லை, வெளிக்கிட்டால் திரும்ப விடமாட்டார்கள், அதனால் தான் வர முடியாது, 'உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன், ஒரு படமாவது அனுப்புங்கள்' என்று இருந்தது. அந்த இடத்தில் வாசிப்பது கொஞ்சம் தடைப்பட்டது. கண்ணாடி மாற்ற வேண்டும்.

"படம் அனுப்பினீங்களோ?"

"இல்லை."

நாலாவது சுவான்சீ முகவரிக்கு வந்து, தபாற்கந்தோர் திருப்பி இங்கே அனுப்பியது. அது ஆரபியின் பெயருக்கு. ஆகவே நான் உடைக்கவில்லை. அவளே உடைத்தாள். ஒற்றை ரூல் கொப்பித் தாள். பெரிய பெரிய எழுத்துகள். லோசினி போகும் முன் பிள்ளைக்கு எழுத்துப் பழக்கத் தொடங்கியிருந்தாள். சில எழுத்துகளோடு நின்றுபோனது. அந்த எழுத்துகளை மட்டும் வைத்து எழுதியிருந்தாள்.

நான் கையை நீட்டினேன். ஆரபி தரவில்லை. மேசையில் தாளை விரித்து, விரலை வைத்து, எழுத்துக் கூட்டி வாசித்தாள்.

"ஆ...ர...பி. ஆரபி. வா. அ...ம்...மா. அம்மா பார். க...ட...ல். கடல் பார். வா."

மூன்று தரம் வாசித்தாள். மூன்றாம் தரம் நிறுத்தாமல் வாசித்தாள்.

பிறகு அழுதாள். நான் எழுந்து யன்னலைச் சாத்தினேன். திரும்பி வந்து பக்கத்துக் கதிரையில் இருந்தேன். என்ன செய்வதென்று தெரியாமல் அவள் முதுகில் கை வைத்தேன். தட்டிவிடவில்லை. சாய்ந்து கொள்ளவும் இல்லை.

போகும்போது கேட்டாள், "நான் இந்தக் கதையை இருபத்தாறு ஊரில சொல்லியிருக்கிறன். சனம் அழுதது. உங்களுக்கு அதைக் கேக்க எப்பிடி இருந்தது?"

"நல்லாச் சொன்னனீர்."

"அப்பா, நான் அதைக் கேக்கேல்லை."

"தெரியும்."

9 டிசெம்பர்

ஆரபியின் செய்தி: 'நம்பர் கிடைத்தது. கதைத்தேன். ஒரு மணித்தியாலம்.' வேறு விபரமில்லை. நானும் கேட்கவில்லை.

25 டிசெம்பர்

வரவில்லை. 8 பாகை.

19 ஜனவரி 2025

போனில் பத்து நிமிடம். ரொறொன்ரோவுக்குப் போகிறாளாம். பழைய நாடகம் இல்லை. புதிது எழுத நேரமும் இல்லை. நடந்ததை நடந்தபடி சொல்லப்போகிறாளாம். எழுத்துப் பிரதி இல்லை, விளக்கு மாற்றம் இல்லை.

"உங்கட பேரைச் சொல்லவோ, விடவோ?"

"குணநாயகம் எண்டே சொல்லும்."

"சனம் உங்களை ஏசும் அப்பா."

"ஏசட்டும்."

பிறகு, "குளிருக்கு என்ன கொண்டுபோகோணும்?" என்று கேட்டாள். தடித்த உள்ளாடை, ரப்பர் அடி வைத்த சப்பாத்து, உதட்டுக்கு வாஸலீன் என்று சொன்னேன். எழுதிக்கொள்வது கேட்டது.

15 பெப்ரவரி

இன்று ஸ்காபரோவில் காட்சி. தோட்டத்து வேலியைத் திருத்தினேன். இரண்டு ஆணி வளைந்துவிட்டது.

16 பெப்ரவரி, ஞாயிறு

பிற்பகல் மூன்று மணிக்கு ஆரபி அழைத்தாள். அங்கே காலை பத்து. நித்திரை கொள்ளாத குரல்.

மண்டபம் நிறைந்து சுவரோரமும் நின்றார்களாம். ஒன்றரை மணித்தியாலம் தனியாக நின்று சொன்னாளாம், முழுக்கத் தமிழில். தமிழில் அவள் மேடையில் கதைப்பது இதுதான் முதல் தரம். சொல்லுத் தடக்குப்பட்ட இடத்தில் முன்வரிசைச் சனம் எடுத்துக் கொடுத்ததாம்.

"கலந்துரையாடல் சண்டையா முடிஞ்சுது அப்பா. ஒரு ஐயா எழும்பி, 'தேப்பன் செய்தது மகா பிழை' எண்டார். பின்னால இருந்த ஒரு அன்ரி, 'பெத்த பிள்ளையை விட்டிட்டுப் போனவளில பிழை இல்லையோ?' எண்டா. பிறகு எல்லாரும் எழும்பிட்டினம். என்னைப் பேசவே விடேல்லை. மண்டபக்காரர் லைட்டை நிப்பாட்டித்தான் சனத்தை வெளியில விட்டவை."

"அவ வந்தவவோ?"

"வந்தவ. கடைசி வரிசை. ஒண்டும் பேசேல்லை. இப்ப அவவின்ர வீட்டிலதான் நிக்கிறன்." குரலைத் தாழ்த்தினாள். "அப்பா, அம்மா உங்களோட கதைக்கோணுமாம். கதைப்பீங்களோ?"

ஓம் என்றேன்.

போன் கைமாறுகிற சத்தம். ஒரு இருமல். முப்பத்தினாலு வருடம். ஆனாலும் மூச்செடுக்கிற விதத்திலேயே தெரிந்தது.

"இஞ்சேருங்கோ," என்றாள்.

"சொல்லும்."

ஏசப்போகிறாள் என்று காத்திருந்தேன். அதற்கு வேண்டிய நியாயம் அவளிடம் இருந்தது. நான் யன்னலோரம் நின்றேன். தெருவில் ஒருவர் நாயோடு போனார்.

"நேற்றுப் பிள்ளை எல்லாம் சொன்னவள். ஒண்டை மட்டும் விட்டிட்டாள். அவளிட்டக் கேக்க எனக்கு வாய் வரேல்லை."

"என்ன?"

"நான் எப்பிடிச் செத்தனான்?"

விளங்கியது. விளங்காததுபோல இருந்திருக்கலாம், இருக்கவில்லை.

"செல் விழுந்தது," என்றேன். "காலமை. நீர் கிணத்தடியில நிண்டனீர். பிள்ளை நோகேல்லைத்தானே எண்டு கேட்டவள். ஓம் எண்டனான். உடன போயிட்டீர். ஒண்டும் தெரிஞ்சிருக்காதுதானே எண்டவள், தலையாட்டினனான்."

போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"கடைசியா அவளின்ர பேரைச் சொன்னாவோ எண்டும் கேட்டவள்," என்றேன். "அதுக்கும் ஓம் எண்டனான்."

போனை எங்கேயோ வைத்துவிட்டாள். கதிரை இழுபடுகிற சத்தம் கேட்டது, பிறகு தண்ணீர்க் குழாய். ஆரபிதான் மீண்டும் எடுத்தாள்.

"அப்பா, என்ன சொன்னனீங்கள்? அம்மா குசினிக்குள்ள போய்க் கதவைச் சாத்திப்போட்டு நிக்கிறா."

"கேட்டதுக்குப் பதில் சொன்னன்," என்றேன். "நீர் உள்ள போம், பிள்ளை. அவவோட நில்லும். நான் வைக்கிறன்."